ரிச்சர்ட் மன்னரின் முத்திரை கடலில் போனதற்கு நாட்டில் உள்ளவர்கள் ஏன் பணம் கட்டினார்கள்?

உங்கள் கேள்வியில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. மூன்றாம் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் முத்திரை கடலில் போனது, அதனால் அவர் புதிது செய்தார், பழைய சாசனம் வைத்திருந்தவர்கள் எல்லாம் மறுபடி பணம் கட்டிப் புது முத்திரை வாங்கினார்கள் என்று படித்திருக்கிறீர்கள். "முத்திரை மோதிரம் தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்று செய்துகொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கிறீர்கள். ஜெருசலேமின் சிலுவைப் போர் அரசர்கள் மெழுகுக்குப் பதிலாக ஏன் ஈயத்தில் முத்திரையிட்டார்கள் என்பது இரண்டாவது. இணையத்தில் விலைக்கு வந்திருக்கும் அப்படியொரு ஈய முத்திரையை வாங்கலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. அரசன் கையெழுத்தே போடாத காலத்தில், ஒரு தோல்தாளில் எழுதியிருப்பது அவன் சொன்னதுதான் என்று எதை வைத்து நம்பினார்கள்? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் அந்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடலாம். சினிமாவில் வருவது போல மடித்த காகிதத்தின் மேல் சிவப்பாக ஒன்றைச் சொட்டி, மோதிரத்தை அழுத்துவது 12-ஆம் நூற்றாண்டு ராஜ முத்திரை கிடையாது. நாம் 'அரக்கு முத்திரை' என்று சொல்லும்போது நினைவுக்கு வரும் அந்தக் கெட்டியான, பளபளப்பான பொருள் மரத்தில் வாழும் பூச்சி தருவது. அது இந்தியாவிலிருந்து வணிகத்தில் போய் ஐரோப்பாவில் முத்திரையிடப் பயன்பட்டதே 16-ஆம் நூற்றாண்டில்தான். ரிச்சர்ட் காலத்தில் பயன்பட்டது தேன்மெழுகு. முத்திரை தாளின் மேல் ஒட்டியும் இருக்காது, தாளுக்குக் கீழே கயிற்றில் தொங்கும். கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் உருவம். உள்ளங்கையில் வைத்தால் கையே நிறைந்துவிடும்.

உருவங்களின் ஏற்பாடு ரிச்சர்டுக்கு முன்பே நிலைத்துவிட்டது. ஒரு பக்கம் அரசர் அரியணையில், இன்னொரு பக்கம் குதிரைமேல் ஆயுதபாணியாக. 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் தன் முத்திரையில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேலை கொடுத்தார். குதிரை வீரன் பக்கம் "இதனால் வில்லியமை நார்மன்களின் தலைவனாக அறிக" என்றும், அரியணைப் பக்கம் "இதே சின்னத்தால் அவனே ஆங்கிலேயரின் அரசன் என்று ஒப்புக்கொள்க" என்றும் லத்தீனில் சொல்கிறது. ரிச்சர்டின் முத்திரையிலும் அரியணைப் பக்கத்தைச் சுற்றி 'ரிகார்துஸ் தேயி கிராசியா ரெக்ஸ் ஆங்லோரும்', அதாவது 'தெய்வ அருளால் ஆங்கிலேயரின் அரசன் ரிச்சர்ட்' என்று இருக்கும். குதிரைப் பக்கத்தில் பிரான்சில் உள்ள நார்மண்டி, அக்விடைன் ஆகியவற்றின் கோமகன், ஆஞ்சுவின் பிரபு என்ற பட்டங்கள். ஒரே ஆளின் இரண்டு அதிகாரங்கள், ஒரே மெழுகுக் கட்டியின் இரண்டு முகங்கள்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'இன்னொன்று செய்துகொள்ளலாமே' என்ற கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. அச்சு இரண்டு தகடுகளாக இருக்கும். விளிம்பில் காது மாதிரி துளையுள்ள நீட்டங்கள் உண்டு. ஒரு தகட்டின் ஊசி மற்றதன் துளையில் நுழைந்தால்தான் இரண்டு உருவமும் நேருக்கு நேர் வரும். மெழுகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேன்மெழுகு, ஒரு பங்கு ஊசியிலை மரப் பிசின். பச்சை வேண்டுமென்றால் செம்புக் களிம்பு, சிவப்பு வேண்டுமென்றால் சாதிலிங்கம் சேர்ப்பார்கள். இதை உருக்கி ஊற்றுவதில்லை. வெதுவெதுப்பில் பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு வட்ட அடைகளாகத் தட்டுவார்கள். தோல்தாளின் கீழ் விளிம்பை ஒரு முறை மடித்து, அந்த இரட்டைத் தோலில் துளையிட்டுப் பட்டுக் கயிற்றையோ தோல் நாடாவையோ கோத்துக்கொள்வார்கள். கீழ் அச்சை ஈரப்படுத்தி, ஓர் அடையை அதில் வைத்து, மேலே கயிற்றைக் கிடத்தி, இரண்டாவது அடையை மூடி, மேல் அச்சை ஊசிகளின் வழியே இறக்கி அழுத்த வேண்டும். கயிறு நட்ட நடுவே மெழுகின் வயிற்றுக்குள் போய்விடும். முத்திரையை உடைக்காமல் கயிற்றை உருவ முடியாது, தாளைக் கிழிக்காமல் முத்திரையைப் பிரிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 10 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை சென்டிமீட்டர் கனமும் உள்ள முத்திரைக்கு நூறு கிராமுக்கு மேல் மெழுகு பிடிக்கும். அந்தக் கனம் தொங்கும்போது தோல் கிழியாமல் இருக்கத்தான் அந்த மடிப்பு.

கெட்டுப்போகும் இடங்களும் இங்கேதான். மெழுகு அதிகமாக இளகிவிட்டால் அச்சின் நுண்ணிய கோடுகளில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது குதிரையின் கால் பிய்ந்து வரும். ஆறிப்போன மெழுகென்றால் இரண்டு அடைகளும் ஒன்றோடொன்று கலக்காது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காலப்போக்கில் கயிறு போகும் தளத்தில் பணியாரத்தைப் பிளந்தது போல இரண்டாகப் பிரிந்துவிடும். ஆவணக் காப்பகங்களில் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் இரட்டை முத்திரைகளில் பலவற்றுக்கு இதுதான் கதி. பிசின் கூடினால் நொறுங்கும், குறைந்தால் வெயிலில் குழையும். இந்த வேலைக்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். மெழுகை இளக்கித் தருபவருக்கு 'சேஃப்வாக்ஸ்' என்று பெயர், முத்திரை போடுபவருக்கு 'ஸ்பிகர்னல்'. மெழுகு இளக்கும் பதவி இங்கிலாந்தில் 1852 வரைக்கும் ஏட்டில் இருந்தது. அரசர் தன் கையால் எதையும் அழுத்தவில்லை. 1215-இல் ஜான் மன்னர் இறகுப் பேனாவால் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் கையெழுத்திடும் படங்கள் எல்லாம் பின்னால் வந்த கற்பனை. அதற்கும் முத்திரைதான் போடப்பட்டது.

ஆக, முத்திரையின் பலம் உருவத்தில் மட்டும் இல்லை. அச்சு ஒன்றே ஒன்றுதான், அது இன்னாரிடம்தான் இருக்கிறது, அவர் கண்ணெதிரில்தான் அழுத்தப்படுகிறது என்று எல்லோரும் நம்புவதில்தான் அந்தப் பலம் இருந்தது. அச்சைக் காக்கும் பொறுப்பு அரசரின் எழுத்தகத் தலைவரான சான்சலருக்கு. சிலுவைப் போர் பயணத்தில் சான்சலர் வில்லியம் லாங்சாம்ப் இங்கிலாந்தில் ஆட்சியைப் பார்க்கத் தங்கிவிட, அரசரோடு கப்பலேறியது துணைச் சான்சலர் ரோஜர் மால்கேல். 1191 ஏப்ரலில் புயலில் கப்பற்படை சிதறி, சில கப்பல்கள் சைப்ரஸ் கரையோரம் உடைந்தன. மால்கேல் மூழ்கி இறந்தார். அரசரின் முத்திரை அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே நீங்கள் படித்த கதையில் ஒரு திருத்தம். முத்திரை நிரந்தரமாகக் கடலோடு போகவில்லை. உடல் கரை ஒதுங்கியது, அச்சு மீட்கப்பட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே முதல் முத்திரையில் சாசனங்கள் வந்திருக்கின்றன, அவை இன்றும் இருக்கின்றன. ஆகவே 'தொலைந்ததால் மாற்றினார்' என்பதை நேரடிக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ரிச்சர்டின் எழுத்தர்களே அந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள். புது முத்திரையில் மறுபடி வழங்கிய சாசனங்களின் முடிவில் ஒரு வாசகம் வரும்: எங்கள் முதல் முத்திரையில் இச்சாசனத்தின் வாசகம் இதுவே, அம்முத்திரை ஒரு சமயம் தொலைந்துபோனதாலும், நாம் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தபோது பிறர் வசம் இருந்ததாலும் மாற்றப்பட்டது. இதில் இரண்டாவது காரணத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். 1192 டிசம்பரில் வியன்னாவுக்கு அருகே ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் ஆட்கள் ரிச்சர்டைப் பிடித்தார்கள். பின்பு பேரரசர் ஆறாம் ஹென்றியின் கைக்கு அவர் மாறினார். 1,50,000 மார்க் மீட்புத் தொகை பேசப்பட்டு 1194 பிப்ரவரியில்தான் விடுதலை. அந்த ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அச்சு யார் கையில், எத்தனை மணி நேரம் இருந்தது? யார் வெற்றுத் தோலில் அழுத்தி வைத்துக்கொண்டார்கள்? யாராலும் சத்தியம் செய்ய முடியாது. உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: அதே மாதிரி இன்னொன்று செய்தால் சந்தேகம் தீராது, இரண்டு மடங்காகும். பழைய அச்சில் வந்த கள்ளப் பிரதியும் புது அச்சில் வந்த நல்ல பிரதியும் ஒன்று போலவே இருக்குமே. கண்ணால் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும்படி வேறு உருவம் வேண்டும்.

அந்த வித்தியாசம் உண்மையிலேயே நன்றாகத் தெரிகிறது. முதல் முத்திரையில் குதிரை வீரனின் கேடயம் வளைந்தது, அதில் பாதிதான் கண்ணுக்குப் படுகிறது. அந்தப் பாதியில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒரு சிங்கம். மறைந்த பாதியில் அதற்கு எதிரே இன்னொரு சிங்கம் இருந்ததா, மொத்தமே ஒன்றுதானா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. முத்திரையை மட்டும் வைத்து அதைத் தீர்க்க வழியில்லை. இரண்டாம் முத்திரையில் ஐயமே கிடையாது: நடந்து செல்லும் மூன்று சிங்கங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, முகத்தை நம் பக்கம் திருப்பியபடி. தலைக்கவசமும் மாறிவிட்டது. தட்டையான உச்சி, மேலே விசிறி போன்ற முடியணி. இன்றைக்கு இங்கிலாந்து அரச சின்னத்திலும் கால்பந்து அணியின் சட்டையிலும் நீங்கள் பார்க்கும் மூன்று சிங்கங்களுக்கு உறுதியான முதல் சான்று இந்த மெழுகுதான்.

எப்போது மாற்றினார் என்பதில் சிக்கல் இருக்கிறது. சமகால வரலாற்றுக் குறிப்பாளரும் அந்தச் சிலுவைப் போரில் உடன் சென்றவருமான ரோஜர் ஆஃப் ஹவ்டன், இந்த உத்தரவை 1194-இன் நிகழ்ச்சிகளோடு சேர்த்து எழுதுகிறார். சான்சலர்மேல் கோபம், தொலைந்த முத்திரை, எல்லோரும் புது முத்திரைக்கு வர வேண்டும் என்ற கட்டளை, எல்லாம் அங்கேயே வருகிறது. ஆனால் மிஞ்சியிருக்கும் சாசனங்கள் 1198 வசந்தகாலம் வரை முதல் முத்திரையோடுதான் இருக்கின்றன. இரண்டாம் முத்திரை புழக்கத்துக்கு வருவது அதன் பிறகே. முடிவு 1194-இலேயே எடுக்கப்பட்டு, அச்சு தயாராகியும் கிடப்பில் கிடந்திருக்கலாம். ஹவ்டன் பிந்திய செய்தியை முந்திய ஆண்டில் செருகியிருக்கவும் கூடும். கையில் இருக்கும் தோல்தாளுக்கும் ஏட்டுச் செய்திக்கும் முரண் வந்தால் தோல்தாளின் பக்கம் நிற்பதே இந்தத் துறையில் வழக்கம். அதனால் 1198 என்பதை உறுதியாகவும் 1194 என்பதை ஐயத்தோடும் சொல்கிறேன்.

இனி பணம். முத்திரைக்கு என்ன செலவாகும் என்பதற்குக் கைக்கெட்டும் நல்ல சான்று, ரிச்சர்ட் இறந்ததும் பட்டத்துக்கு வந்த தம்பி ஜான் 1199 ஜூன் 7-இல் போட்ட கட்டண ஆணை. அண்ணன் காலத்தில் ஏறிப்போன கட்டணத்தைத் தந்தை இரண்டாம் ஹென்றி காலத்து அளவுக்கு இறக்குவதாக அது சொல்கிறது. அப்படி இறக்கிய பிறகும், புதிதாக நிலம் வழங்கும் சாசனத்துக்குச் சான்சலருக்குப் பத்து வெள்ளி மார்க் (அல்லது ஒரு தங்க மார்க்), துணைச் சான்சலருக்கு ஒன்று, தலைமை எழுத்தருக்கு ஒன்று, மெழுகுக்கு ஐந்து ஷில்லிங். ஒரு மார்க் 160 பென்னி, ஒரு ஷில்லிங் 12 பென்னி. கூட்டினால் 1,980 பென்னி. அந்தக் காலத்தில் காலாள் வீரன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 2 பென்னி கூலி என்று வைத்துக்கொண்டால் அவனுடைய 990 நாள் சம்பளம். இருக்கும் உரிமையை உறுதி செய்வது மட்டும் என்றால் மலிவு: சான்சலருக்கு ஒரு மார்க், மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒரு பெசண்ட் பொற்காசு, மெழுகுக்கு 12 பென்னி. மடங்கள், நகரங்கள், பிரபுக்கள் என்று சாசனம் வைத்திருந்த அத்தனை பேரும் வரிசையில் வந்தால் கருவூலத்துக்கும் சான்சலரின் எழுத்தகத்துக்கும் எவ்வளவு சேரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் இது வெறும் வசூலா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மீட்புத் தொகையும் பிரான்சோடு ஓயாத போரும் கஜானாவைக் காலி செய்திருந்த நேரம் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. என் கணிப்பு என்னவென்றால், பாதுகாப்புக் காரணமும் மெய், பண ஆசையும் மெய். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு வாய்ப்புக் கிடைத்திருக்காது. அதே ஆண்டுகளில் எதிர்த்தரப்புக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. 1194 ஜூலையில் ஃப்ரெத்தெவால் என்ற இடத்தில் ரிச்சர்டின் படை துரத்தியபோது பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பின் சாமான் வண்டிகள் சிக்கின. அரச ஆவணங்களும் முத்திரையும் அதோடு பறிபோயின. அதுவரை அரசன் போகும் இடமெல்லாம் ஆவணப் பெட்டியும் போவது வழக்கம். அதன் பிறகுதான் பிரெஞ்சு அரசின் ஆவணங்கள் பாரிஸில் ஓரிடத்தில் நிலையாக வைக்கப்பட்டன.

ஈயத்துக்கு வருகிறேன். 1100 கிறிஸ்துமஸ் அன்று பெத்லகேமில் முடிசூடிய முதலாம் பால்ட்வின் தொடங்கி ஜெருசலேம் அரசர்கள் ஈய முத்திரையே பயன்படுத்தினார்கள். அளவு சுமார் 4 சென்டிமீட்டர், ரிச்சர்டுடையதில் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் அரியணையில் அரசர், மறுபக்கம் ஜெருசலேம் நகரம். மதிலுக்கு மேலே மூன்று கட்டடங்கள் எழும். நடுவில் தாவீதின் கோபுரம். ஒரு புறம் கூம்புக் கூரையோடு, உச்சி திறந்தபடி இருக்கும் கிறிஸ்துவின் கல்லறைத் தேவாலயம். மறுபுறம் சிலுவை ஏற்றிய வட்டக் குவிமாடம், சிலுவைப் போர்க்காரர்கள் 'ஆண்டவரின் ஆலயம்' என்று அழைத்த, பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியப் புனிதக் கட்டடம். சுற்றிலும் 'சிவிடாஸ் ரேகிஸ் ரேகும் ஓம்னியும்', அனைத்து அரசர்களுக்கும் அரசரின் நகரம். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் மூன்று கட்டடங்களையும் கூரையை வைத்தே அடையாளம் காணும்படி செதுக்கிய கைவேலை எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. கூம்பு என்றால் கல்லறை, உருண்டை என்றால் ஆலயம். பிற்காலப் போலிகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான், இரண்டையும் ஒரே மாதிரிக் குவிமாடமாகப் போட்டுவிடுவார்கள்.

ஏன் ஈயம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் வெயில். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும் என்றாலும் 35 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். சூட்டில் மெழுகு என்னவாகும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1215 மாக்னா கார்ட்டாவின் நான்கு மூலப் பிரதிகளில் முத்திரை ஒட்டியிருப்பது ஒன்றில் மட்டும்தான், அதுவும் 1731-இல் நடந்த தீ விபத்தில் உருகி, அடையாளமே தெரியாத ஒரு கட்டியாகிவிட்டது. ஆனால் வெயில் ஒன்றே காரணம் என்று முடித்துவிட மாட்டேன். பைசாந்தியப் பேரரசும் ரோமில் போப்பாண்டவரின் எழுத்தகமும் ஏற்கெனவே ஈயத்தில் முத்திரையிட்டன. புதிதாக முளைத்த ஓர் அரசு, கிறிஸ்தவ உலகின் கிழக்கிலும் மேற்கிலும் இருந்த மிகப் பழைய இரண்டு அதிகாரங்களின் வழக்கத்தை எடுத்துக்கொள்வது தன் மதிப்பை உயர்த்தும் வழி. வெயில் அந்தத் தேர்வை வசதியாக்கியது என்பதே சரியான அளவு.

ஈய முத்திரை செய்வது நாணயம் அடிப்பதற்கு நெருக்கமான வேலை. முதலில் வட்ட வில்லையை வார்க்க வேண்டும், அதன் குறுக்கே ஒரு குழாய் போல வழி விட்டிருப்பார்கள். தாளில் கோத்த கயிற்றின் இரு முனைகளையும் அந்த வழியில் செலுத்தி, பெரிய இரும்புக் குறடு ஒன்றின் இரண்டு வாய்களுக்கு நடுவே வில்லையை வைப்பார்கள். வாய் ஒவ்வொன்றிலும் ஒரு பக்க உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிச் செதுக்கியிருக்கும். மேலே சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. உருவமும் பதியும், குழாயும் நசுங்கிக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். வில்லை நடுவில் உட்காராவிட்டால் ஒரு பக்க எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். அடி போதாவிட்டால் குழாய் முழுசாக மூடாது, கயிறு நழுவும். இரண்டாவது அடி அடிக்கும்போது வில்லை நகர்ந்தால் அரசருக்கு இரண்டு மூக்கு. குழாய் ஓடும் கோட்டில்தான் ஈயம் மெல்லிசு, ஆகவே மண்ணில் கிடைப்பவை அந்தக் கோட்டிலேயே பிளந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றினார்கள். ரிச்சர்டின் இரண்டாம் முத்திரை வந்த அதே 1198-இல் போப் மூன்றாம் இன்னசென்ட், ரோமிலேயே கள்ள முத்திரைக் கும்பல் பிடிபட்ட பின்பு, ஈய முத்திரையில் எப்படியெல்லாம் மோசடி நடக்கிறது என்று ஏழு வகைகளை எழுதி வைத்தார். கள்ள முத்திரையைக் கள்ளக் கடிதத்தில் கட்டுவது எளிய வகை. மற்றவை நல்ல முத்திரையை வைத்துச் செய்பவை: அசல் முத்திரையிலிருந்து நூலை முழுக்க உருவி, வேறு நூல் கோத்துப் போலிக் கடிதத்தில் மாட்டுவது, தாளின் மடிப்புக்கு அடியில் நூலை வெட்டி, போலிக் கடிதத்தில் செலுத்தி, அதே மடிப்புக்குள் அதே மாதிரிச் சணலால் ஒட்டுப்போடுவது, ஈயத்தின் மேற்பகுதியில் ஓர் இழையை மட்டும் அறுத்து, கடிதத்தை மாற்றிய பின் அந்த இழையை மறுபடி ஈயத்துக்குள்ளேயே நுழைப்பது. அடுத்து எழுத்தில் கைவைப்பது: சில சொற்களை மெல்லச் சுரண்டி மாற்றுவது, முழு எழுத்தையும் தண்ணீராலோ திராட்சை மதுவாலோ கழுவிவிட்டு, சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிப் புதிதாக எழுதுவது, பழைய தாளின் மேல் அதே அளவில் மிக மெல்லிய வேறொரு தோலை வலுவான பசையால் ஒட்டுவது. ஏழில் ஆறு வகைகளில் முத்திரை அசல் என்பதைக் கவனியுங்கள். முத்திரை நல்லதா என்று மட்டும் பார்ப்பவர் ஆறு முறை ஏமாறுவார். கயிறு, மடிப்பு, தோலின் கனம், எழுத்தின் அடியில் சுரண்டிய சொரசொரப்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதனால்தான் நீங்கள் காட்டும் விற்பனைப் பொருளைப் பற்றித் தயக்கத்தோடு பேசுகிறேன். தாளோ கயிறோ இல்லாமல் தனியாக வரும் ஈய வட்டம் எதையும் உறுதி செய்யாது. படத்தை மட்டும் பார்த்து 'அசல்' என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். 'போலி' என்று சொல்ல மட்டும் சில சமயம் படம் போதும். விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு தையல் கோடு ஓடினால் அது அச்சில் ஊற்றி வார்த்தது, குறட்டில் அடித்ததில்லை. குறுக்கே கயிற்று வழி இல்லாவிட்டாலும், வழி இருந்து மேலும் கீழும் துளை மட்டும் போட்டு உள்ளே அடைத்திருந்தாலும், சந்தேகம் வலுக்கும். எழுத்துகளின் ஓரம் தேய்ந்த சோப்பு போல வழவழவென்று இருந்தால் இன்னொரு முத்திரையிலிருந்து படியெடுத்தது என்று பொருள். பழைய ஈயத்தின்மேல் சாம்பல் நிறப் படலமும் ஆங்காங்கே வெள்ளை அரிப்பும் இருக்கும். பல நினைவுப் பொருள்கள் வெள்ளீயக் கலவையில் செய்தவை, எடையில் இலேசு. ஒரே குதிரையில் இருவர் ஏறிய, டெம்ப்ளர் என்ற சிலுவைப் போர்த் துறவி வீரர்களின் முத்திரை என்று விற்கப்படுபவற்றில் அநேகம் இந்த ரகம். சிலுவைப் போர் வம்சாவளி என்றாலே போலிக்குச் சந்தை உண்டு. 1843-இல் வெர்சாய் அரண்மனையில் சிலுவைப் போர் மண்டபங்கள் திறந்தபோது அங்கே தங்கள் குலச் சின்னம் இடம்பெற வேண்டுமென்று பிரெஞ்சுக் குடும்பங்கள் ஆதாரம் தேடின. அந்தத் தேவைக்கென்றே பாரிஸில், முன்னோர் சிலுவைப் போரின்போது கடன் வாங்கியதாகக் காட்டும் பத்திரங்கள் நூற்றுக்கணக்கில் தயாராகின. அவை போலி என்பது 1956-இல்தான் ஐயமற நிறுவப்பட்டது.

வாங்குவதில் உறுதியாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு பக்கப் படம், விளிம்பைச் சுற்றி நான்கு கோணப் படங்கள், கயிற்று வழியின் இரு முனைகளின் நெருக்கப் படம், எடை, விட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், பொருள் எந்த மண்ணிலிருந்து, எந்த ஆண்டில், எந்தத் தாளோடு வெளியேறியது என்பது. இஸ்ரேலில் 1978 தொல்பொருள் சட்டப்படி அதற்குப் பிறகு மண்ணிலிருந்து கிடைப்பவை அரசின் சொத்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாளைக் காட்ட முடியாதவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒருவேளை கையில் வந்துவிட்டால் அதைத் தேய்க்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். முக்கியமாக மரப்பெட்டியில், அதுவும் ஓக் மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், ஈரப்பதம் அதிகம் மாறாத இடத்தில் வைத்து, தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஈயம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.